ஐந்து மதிப்பெண் விடை: தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வரலாற்று வினா வந்த வழி

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சமூக அறிவியல் குறிப்பேட்டில் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த இரண்டு மரபுகள் கலந்திருக்கின்றன. வினா எழுப்பி விடை பெறுதல் என்ற கற்பித்தல் முறை இலக்கண நூல்களின் காலத்திலிருந்தே தமிழில் வழங்கிவருவது. சரித்திரம் என்ற பாடமோ பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் எந்தத் திண்ணையிலும் தனியாகச் சொல்லிக்கொடுக்கப்படாதது. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்தவை, கல்வித்துறை ஆய்வாளர் நடத்திய பரீட்சையும் அந்தப் பரீட்சையின் முடிவைப் பார்த்து அரசு கொடுத்த மானியமும் ஆகும். கடந்த காலத்தைப் பற்றிய ஒரு செய்தி எப்படி எண்ணிட்ட குறிப்புகளாக உருமாறி, மனப்பாடத்துக்கு உரியதாகி, கடைசியில் கடையில் விற்கும் பண்டமாகவும் ஆயிற்று என்பதை அறிய அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ச் சத்திரத்திலோ நடத்திய பள்ளிக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று பெயர். அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கு மாறினர். பின்னம், பெருக்கல், நில அளவு ஆகியவற்றின் வாய்பாடுகளைக் கொண்ட எண்சுவடி, ஒரு பொருள் குறித்த பல சொற்களைச் செய்யுளில் தொகுத்துத் தரும் நிகண்டு, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், சதகங்கள், பிரபவ முதலான அறுபது ஆண்டுகளின் பெயர்கள் ஆகியவை அங்கு நடந்த பாடங்கள். உ.வே.சாமிநாதையர் (1855–1942) 'என் சரித்திரம்' நூலில் தம் இளமைக்காலப் பள்ளிகளை விவரிக்கும்போது, மாலையில் பள்ளி கலையும் நேரத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூ, விலங்கு, பறவை, ஊர் முதலானவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்புவதையும், மறுநாள் பிள்ளைகள் அதை மறவாமல் வந்து ஒப்பிப்பதையும் குறிப்பிடுகிறார். வீட்டுப்பாடத்தின் பழைய வடிவம் இதுவே எனலாம். அதில் ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை, சுமந்து செல்ல வேண்டியது ஒரு சொல் மட்டுமே.

இப்பள்ளிகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டுப் பெற்ற அறிக்கைகளைத் தொகுத்து 1826ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பில், ஏறத்தாழ 1,28,50,000 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் கணக்குக் காட்டினார். மூத்த மாணவன் இளையவர்க்குப் பாடம் சொல்லும் சட்டாம்பிள்ளை முறையையும் மணலெழுத்தையும் தமக்கு ஏற்றவாறு எடுத்துக்கொண்டு, 1789ஆம் ஆண்டு முதல் எழும்பூர் ஆண் அனாதைகள் காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் எழுத, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் போனது. இவ்வளவு பரந்திருந்த அந்தக் கல்வியில் சரித்திரம் பாடமாக இல்லாததற்கு மக்கள் கடந்த காலத்தை அறியாதிருந்தது காரணமன்று. தலபுராணமும் தெருக்கூத்தும் கதைப்பாடலும் அந்த வேலையைக் கோயில் வாசலிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் செய்துகொண்டிருந்தன, அவற்றைக் கேட்டவரை யாரும் மறுநாள் காலையில் கேள்வி கேட்டு மடக்கியதில்லை.

வினாவைப் பற்றித் தமிழ் இலக்கணிகள் நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கிறார். ஆறில் முதல் இரண்டு இங்கு முக்கியமானவை: விடையைத் தாம் அறிந்திருந்தும் பிறர் அறிவாரா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா, அறியாத ஒன்றை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. முன்னது பெரும்பாலும் ஆசிரியருடையது, பின்னது மாணவருடையது. நன்னூலின் பாயிரம் மாணவருக்குப் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது, உடன் பயில்வோரோடு வினவுவதையும் அவர் வினவியதற்கு விடையளிப்பதையும் கற்றலின் பகுதிகளாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே அந்த ஏற்பாட்டில் கேள்வி இருபுறமும் சென்றது. பிற்காலத்துப் பள்ளியில் ஒரு புறம் மெல்ல அடைபட்டு, அறிவினா மட்டுமே எஞ்சியது.

இந்த அடைப்புக்கு அச்சு ஒரு காரணம். தமிழில் அச்சான நூல்களின் வரிசையில் தொடக்கத்திலேயே, 1579ஆம் ஆண்டில் கொச்சியில், என்ரீக்கே என்ரீக்கசு பாதிரியார் மொழிபெயர்த்து வெளியிட்ட 'கிரீசித்தியானி வணக்கம்' வினாவும் விடையுமாக அமைந்தது. சமயக் கொள்கைகளை எளிய கேள்விகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்கத்தக்க ஒரே விடையை வைத்து, அதை மனத்தில் பதியவைக்கும் இந்த வகை நூலுக்கு ஞானோபதேசம் என்பது தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர். மிஷன் பள்ளிகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், அவற்றுக்கு எதிராக யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848ஆம் ஆண்டு சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர் (1822–1879), எதிரியின் வடிவத்தையே கையிலெடுத்துச் 'சைவ வினாவிடை'யை எழுதினார். இலக்கணத்துக்கும் அவர் ஒரு வினாவிடை நூல் செய்தார். இத்தகைய நூலில் கேட்பவரும் விடை சொல்பவரும் நூலாசிரியர் ஒருவரே என்பதால், மாணவன் கேட்பதுபோல் அமைந்த கேள்வியும் உண்மையில் அவனுடையதாக இருப்பதில்லை. சமயத்துக்கு இது பொருந்தலாம். சான்று மாறினால் முடிவும் மாறக்கூடிய வரலாற்றுக்கு இந்தச் சட்டை தைக்கப்படவில்லை என்பது பின்னர்தான் தெரியவந்தது.

1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் வழியைத் திறந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி, கல்லூரியில் நுழைவதற்கான மெட்ரிகுலேஷன் தேர்வை நடத்தத் தொடங்கியது. இந்த இரண்டையும் அடுத்து ஆயிரக்கணக்கான சிறு பள்ளிகளின் தலையெழுத்தை மாற்றியது, 1860களில் மாகாணம் கைக்கொண்ட 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' என்ற முறை. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும், மேல்வகுப்பாயின் பூகோளத்திலும் சரித்திரத்திலும் கேள்வி கேட்பார். தேறிய தலைகளையும் பாடங்களையும் எண்ணி மானியம் கணக்கிடப்படும். ஒரு பையன் ஒரு கேள்விக்குத் திக்கினால் ஆசிரியரின் வருமானத்தில் அந்த அளவுக்குத் துண்டு விழும். இந்த நிலையில் எந்த ஆசிரியரும் செய்யக்கூடியதையே அவர்கள் செய்தார்கள்: ஆய்வாளர் கேட்கக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே ஊகித்து, அவற்றுக்குச் சுருக்கமான விடைகளை அமைத்து, மழைக்காலம் முழுவதும் உருப்போட வைத்தார்கள். நெட்டுருவைப் பழைய திண்ணைப் பள்ளியின் குற்றமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் திண்ணையில் உருப்போடப்பட்டது செய்யுளும் வாய்பாடும். உரைநடையில் எழுதிய சரித்திரச் செய்தியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கும் வழக்கத்தைப் பெற்றெடுத்தது மானிய விதி. 1904ஆம் ஆண்டில் கர்சன் ஆட்சியின் கல்விக் கொள்கைத் தீர்மானம் அம்முறையைக் கைவிடச் சொன்னது. மானியம் போயிற்று, அது உண்டாக்கிய பழக்கம் போகவில்லை.

அக்காலத்துச் சரித்திரப் பாடத்தில் இருந்ததை அதிகம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் அரச வமிசங்களும், இந்தியாவைப் பொறுத்தவரை கவர்னர்-ஜெனரல்களின் வரிசையும் அவரவர் போர்களும் சீர்திருத்தங்களும் அதன் முதுகெலும்பு. மாக்மில்லன் வெளியிட்ட மார்ஸ்டனின் இந்திய வரலாறு போன்ற நூல்கள் இந்த வரிசையைப் பரப்பின. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் அசோகனையும் சிவாஜியையும் கம்பனையும் அறியாமல் வெளியே வருகிறான் என்று பாரதியார் தம் 'சுயசரிதை'யில் மனம் நொந்து எழுதினார். வருத்தத்தோடு நின்றுவிடாமல், 'தேசீயக் கல்வி' என்ற கட்டுரையில், ஊர் தோறும் மக்களே நடத்தக்கூடிய பள்ளிக்கு அவர் வகுத்த பாடத்திட்டத்தில், பள்ளி இருக்கும் மாகாணத்தின் சரித்திரம் சிறப்பாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்றும், பிள்ளைகளை யாத்திரை அழைத்துச் செல்வதும் கல்வியின் பகுதி என்றும் சேர்த்தார். யாத்திரையைப் பாடமாக எண்ணிய அந்தத் திட்டம் எந்த அரசுப் பாடத்திட்டத்திலும் உரிய இடத்தைப் பெறவில்லை என்பது ஒரு நட்டமே.

தமிழ்நாட்டின் சொந்தச் செய்தி பாடநூலுக்குள் வந்தது கல்வெட்டுகள் வழியாக. அது எப்படி வந்தது, வரும்போது எதை இழந்தது என்பதற்கு, மூன்று தலைமுறை மாணவர்கள் எழுதித் தேறிய ஒரு கேள்வியே போதும்: குடவோலை முறையைப் பற்றி எழுதுக. அதற்குரிய சான்று காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரு கல்வெட்டுகள். கல்வெட்டறிஞர் வி. வெங்கையா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை ஆராய்ந்து தொல்லியல் துறையின் ஆண்டறிக்கையில் எழுதினார், கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய ஆய்வு நூலில் இவற்றை விரிவாக எடுத்துக்கொண்டார். இந்தியருக்குத் தம்மைத் தாமே ஆளத் தெரியாது என்ற வாதம் ஆட்சியாளர் தரப்பில் ஓங்கியிருந்த காலம் அது என்பதை நினைத்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர்ச்சபைத் தேர்வு விதிகள் கிடைத்ததும் அறிஞர்களும் அரசியல்வாதிகளும் அடைந்த மகிழ்ச்சியின் அளவு புரியும்.

கல்வெட்டு சொல்லும் நடைமுறை கண்முன் நடப்பதுபோல் இருக்கிறது. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, ஒரு குடத்தில் இடுவார்கள். சிறியோரும் பெரியோருமாகச் சபை முழுவதும் கூடியிருக்க, ஊரிலுள்ள கோயில் நம்பிமார் அனைவரும் உடனிருக்க, அவருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஒரு கட்டை எடுக்கச் செய்து, அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவன் எடுத்துத் தர, மத்தியஸ்தன் என்ற நடுவர் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்குவார். கைக்குள் வேறு ஓலை மறைத்து வைக்கப்படவில்லை என்று ஊர் அறிவதற்கான ஏற்பாடு இது. அவர் படித்த பெயரை நம்பிமார்கள் ஒவ்வொருவரும் திரும்பப் படிப்பார்கள். இப்படித் தேர்ந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம் எனப்பட்ட ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் செல்ல, முந்நூற்றறுபது நாள் பணியாற்றுவர்.

பாடநூலிலிருந்து குறிப்பேட்டுக்கு வந்த விடையில் தங்கியவை தகுதிகளும் தகுதியின்மைகளும்: முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபது வயதுக்குள் இருக்க வேண்டும், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குக் குறையாமல் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. எண்ணிட்டு எழுதுவதற்கு இதைவிட வாகான செய்தி வேறில்லை. ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து குறிப்பு என்று கல்வெட்டே முன்கூட்டித் திட்டமிட்டதுபோல் அது அமைந்துவிட்டது. சிறுவனும் விரித்த உள்ளங்கையும் பல பதிப்புகளில் காணாமற்போயின. முடிவுரையாக, சோழர் காலத்தில் மக்களாட்சி சிறந்து விளங்கியது என்ற ஒரு தொடர் எல்லா விடைகளிலும் நிற்கும்.

அந்த முடிவுரையில்தான் இடறல் இருக்கிறது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது வேதம் வல்ல பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். அதன் சபை நிலவுடைமையுள்ள பிராமண ஆடவரின் சபை. உழுதவரும் நெய்தவரும், பெண்கள் எவரும், அந்தக் குடத்துக்குள் பெயராக நுழையவில்லை. அங்கு நடந்தது வாக்களிப்பும் அன்று, திருவுளச்சீட்டு. விதிகள் வகுக்கப்பட்டபோது அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருந்ததையும் கல்வெட்டு பதிவு செய்கிறது. இவற்றைச் சொல்வதால் அந்த ஏற்பாட்டின் பெருமை குறைந்துவிடாது. கணக்குக் காட்டாதவனை அவன் உறவினரோடு சேர்த்து விலக்கிய ஒரு விதியை இன்றைய உள்ளாட்சிகள் ஏக்கத்தோடு பார்க்கலாம். ஆனால், அந்த ஊரில் உழவர் பெயரை ஓலையில் எழுதினார்களா என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டால், அது பவணந்தியார் வகுத்த அறியாவினா. அதற்கான விடை கல்வெட்டில் இருக்கிறது, நீலகண்ட சாஸ்திரியில் இருக்கிறது, மதிப்பெண் திட்டத்தில் நெடுங்காலம் இருந்ததில்லை.

சரித்திரம் தமிழிலேயே கேட்கப்பட்டுத் தமிழிலேயே எழுதப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பரவலாயிற்று. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி வழிக் கல்வியை வலியுறுத்திய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் 1946இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது; குழந்தைகளுக்கெனத் தனியே மற்றொரு பத்துத் தொகுதிக் களஞ்சியமும் 1968க்கும் 1976க்கும் இடையில் வந்தது. அதற்கு முன் தமிழில் ஒரு பெயரையோ நிகழ்ச்சியையோ தேடுபவருக்கு ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' (1910) போன்ற ஓரிரு தனிமனித உழைப்புகளே துணை. ஆசிரியரிடம் கேட்கத் தயங்கிய பிள்ளைக்குத் தமிழிலேயே விடை சொல்லக்கூடிய ஒரு பெருநூல் முதன்முறையாகக் கிடைத்தது. அதை வாங்கும் வசதி எத்தனை பள்ளிகளுக்கு இருந்தது என்பது வேறு கேள்வி.

இதே காலத்தில் பாடத்தின் எல்லையும் மாறியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு (1952–53), வரலாறு, புவியியல், பொருளியல், குடிமையியல் என்று துண்டுபட்டுக் கிடந்தவற்றைச் சமூகப் பாடம் என்ற ஒன்றாக இணைத்து, மாணவர் தம்மைச் சூழ்ந்த சமுதாயத்தைப் புரிந்துகொள்ளும் கருவியாக அதை ஆக்கப் பரிந்துரைத்தது. அதே குழு தேர்வுகளின் ஆதிக்கத்தைக் கடுமையாகக் குறைகூறியது என்பதும் நினைவுகூரத்தக்கது. நடந்தது என்னவெனில், நான்கு பாடங்களும் ஒரே அட்டைக்குள் வந்தனவே தவிர, அட்டைக்குள் அவை நான்காகவே இருந்தன. வீட்டுப்பாடம் மட்டும் நான்கு மடங்காயிற்று. 1970ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றி மாநிலம் முழுவதற்கும் ஒரே நூல் என்ற நிலை உறுதிப்பட்டபின், எல்லா மாணவர்க்கும் பயிற்சிக் கேள்விகளும் ஒன்றாயின. கேள்வி பொதுவானால் விடையைப் பெருமளவில் அச்சிட்டு விற்கலாம்.

அச்சிட்ட விடைநூலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு மதிப்பான முன்னோடி உண்டு. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட தமிழ்ப் பாட உரை, 'கோனார் நோட்ஸ்' என்ற பெயரில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. செய்யுளுக்குப் பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு எழுதும் பழைய உரைமரபின் நீட்சியாகவே அதைக் கொள்ளலாம். அந்த வெற்றியைப் பார்த்து மற்றப் பாடங்களுக்கும் 'கைடு' என்ற பொதுப்பெயரோடு வந்த நூல்களில் உரைமரபின் உழைப்பு இல்லை. சமூக அறிவியல் கைடு, பாடநூலின் பத்திகளை உடைத்து, 'முன்னுரை', 'காரணங்கள்', 'விளைவுகள்', 'முடிவுரை' என்று தடித்த எழுத்தில் தலைப்பிட்டு, கோடிட்ட இடங்களை நிரப்பி, பொருத்துகவைப் பொருத்தி, ஜூன் மாதத்தில் பாடநூலோடு சேர்ந்தே எழுதுபொருள் கடையில் தொங்கியது.

கைடு இல்லாத வகுப்பறையிலும் முறை ஒன்றுதான். ஆசிரியர் பாடத்தின் கடைசிப் பக்கத்துப் பயிற்சிக் கேள்வியைப் படித்து, விடை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் சொல்ல, பிள்ளைகள் புத்தகத்தில் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் கேள்வி எண்ணை எழுதிக்கொள்வார்கள். அண்ணனிடமிருந்து தம்பிக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கைமாறிய பழைய புத்தகத்தில் அந்த அடைப்புகள் முன்பே இருக்கும் என்பதால், பாடத்தை வாசிப்பதற்கு முன்னரே விடை தெரிந்துவிடும். அன்று மாலை வீட்டுப்பாடம் அந்த அடைப்புக்குள் இருப்பதைக் குறிப்பேட்டுக்கு மாற்றுவது. சரியாக மாற்றியதற்குச் சிவப்பு மையில் ஒரு குறியும், மாற்றாததற்குப் பத்துமுறை இம்போசிஷனும் கிடைத்தன.

இதைப் பழித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் கைடுக்கும் அடைப்புக்குறிக்கும் ஒரு நியாயம் உண்டு. 1950களின் நடுப்பகுதி முதல் காமராசர் ஆட்சியில் ஊர் தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டு, மதிய உணவும் வந்தபின், குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த இலட்சக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்குள் வந்தார்கள். அவர்கள் வீட்டில் பானிபட் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. மாலையில் அவர்களுக்கு விடை சொல்லக்கூடிய ஒரே படித்த பெரியவராக அந்த மட்டமான காகிதத்து நூல் இருந்தது. அதை மனப்பாடம் செய்து தேறி, எழுத்தராகவும் ஆசிரியராகவும் ஆன ஒரு தலைமுறையின் கடன் அதன்மீது இருக்கிறது. வீட்டுப்பாடம் என்ற ஏற்பாடே வீட்டில் படித்தவர் ஒருவர் உண்டு என்ற அனுமானத்தின்மேல் நிற்பதால், அந்த அனுமானம் பொய்த்த வீடுகளுக்கு அது எப்போதும் அநீதியானது. கைடு அந்த அநீதியைக் கொஞ்சம் ஈடுகட்டியது.

விடைகள் நிலையாக இருந்தன என்றும் சொல்ல முடியாது. 1857ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சிப்பாய்க் கலகம் என்று எழுதிய தாத்தாவும், முதல் இந்திய விடுதலைப் போர் என்று எழுதிய தந்தையும், பெரும்புரட்சி என்று எழுதிய பேத்தியும் ஒரே கேள்விக்கு முழு மதிப்பெண் பெற்றவர்கள். தமிழ்நாட்டிலோ இன்னொரு திருப்பமும் உண்டு. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட ஆய்வு நூல், மருது சகோதரர்கள் முதலானோர் 1800–1801ஆம் ஆண்டுகளில் நடத்திய தென்னிந்தியக் கிளர்ச்சியையே முதல் விடுதலைப் போர் என்று வாதிட்டது. 1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கையும், 1806 ஜூலை 10 அன்று வெடித்த வேலூர்ப் புரட்சியும் மாநிலப் பாடநூல்களில் தனிப்பாடமாக இடம்பெற்றன. எது முதல் போர், ஏன் என்று இரு தரப்புச் சான்றையும் வைத்து மாணவர் தீர்ப்புச் சொல்லும்படி இதைக் கேட்டிருக்கலாம். கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு அது ஏற்றதல்ல என்பதால் அப்படிக் கேட்பது வழக்கமாகவில்லை.

பிள்ளைகளின் சொந்தக் கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் பள்ளிக்கு வெளியில்தான் கிடைத்தது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகர் கேட்கும் செய்தியைத் தேடி எடுத்துக் கொடுப்பதை நூலகரின் தலையாய கடமையாகக் கருதினார். அவர் தூண்டுதலால் 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் சிற்றூர் வரை கிளை நூலகங்களைக் கொண்டுசென்றது. வார இதழ்களும் தம் பங்குக்கு இதைச் செய்தன. ஆனந்த விகடனில் 'ஹாய் மதன்' பகுதியில் ஓவியர் மதன் வாசகரின் வரலாற்றுக் கேள்விகளுக்கும் பதில் எழுதினார்; முகலாய மன்னர்களைப் பற்றிய அவருடைய 'வந்தார்கள் வென்றார்கள்' தொடரைப் பாடநூலில் அக்பரைக் கண்டு அஞ்சிய பிள்ளைகள் ஆவலாய்ப் படித்தார்கள். பேராசிரியர்கள் செய்யாமல் விட்ட வேலையை ஒரு கேலிச்சித்திரக்காரர் செய்தார் என்பது கல்வித்துறைக்குப் பெருமை சேர்க்கும் செய்தியல்ல.

வீட்டுப்பாடத்தின் சுமை பற்றிய பேச்சு, யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் சுமையற்ற கற்றல் பற்றிய அறிக்கையை அளித்தபோது நாடு முழுவதும் எழுந்தது. 2018 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று ஆணையிட்டது. அதே ஆண்டு வந்த மாநிலத்தின் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சாகி, கைப்பேசியைக் காட்டினால் காணொளி விரியும்படி செய்யப்பட்டது. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில், தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலும் வீட்டு முற்றத்திலும் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு ஆள் ஏற்பாடு செய்ய வேண்டியது அரசின் பொறுப்பு என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் என்ற வகையில் அதற்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை 2012–13ஆம் கல்வியாண்டில் வந்தபோது, செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்குமான வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ இறுதித் தேர்வுக்கு 60 என்று பிரிக்கப்பட்டது. அருகிலுள்ள கோயிலுக்குச் சென்று கல்வெட்டைப் பார்த்துவருதல், ஊரின் முதியவரிடம் கேட்டு எழுதுதல் போன்ற பணிகளுக்கு முதன்முறையாக ஒரு மதிப்பு உண்டாயிற்று. பாடநூல்களில் இத்தகைய மாணவர் செயல்பாடுகள் இன்றும் ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் அச்சாகின்றன, பத்தாம் வகுப்பு நூல் உட்பட. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சமூக அறிவியலுக்குரிய நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே. அந்தச் செயல்பாடுகளுக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை.